தன்னையே திட்டிக்கொள்ளும் பிள்ளைக்குப் பரிவைக் கற்றுத்தருவது: வளர்ப்பவரும் கூடவே செய்யும் முழுமையான வழிகாட்டி

பதற்றத்திலோ மனச்சோர்விலோ இருக்கும் பிள்ளைகள் பலர் ஒரு வேலையை ஓயாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்: தங்களைத் தாங்களே திட்டிக்கொள்வது. "நான் வேஸ்ட்", "என்னாலதான் எல்லாருக்கும் கஷ்டம்", "எனக்கு மட்டும் எதுவுமே வராது." பெரும்பாலும் இது வெளியே கேட்காது. கேட்டுவிட்டால் வீட்டிலிருப்பவர்கள் பதறிப்போய், "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். வாய்தான் நிற்கும், உள்ளே ஓடுவது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

தப்பு நடந்தால் ஒரு நண்பனிடம் பேசுவதுபோலத் தன்னிடமும் அன்பாகப் பேசப் பழகுவது, இதைத்தான் இங்கே பரிவு என்கிறோம். அதைப் படிப்படியாகப் பழக்கும் இந்த வழிகாட்டி சுமார் 8 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கும், அவர்களோடு தினமும் இருக்கும் ஒரு பெரியவருக்குமானது. அந்தப் பெரியவர் அம்மாவோ அப்பாவோ பாட்டியோ சித்தியோ விடுதிக் காப்பாளரோ, யாராகவும் இருக்கலாம். பள்ளி ஆலோசகர்களுக்கும் இதே வரிசைதான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த வரிசையில்தான். ஏழாவது படியில் சொல்ல வேண்டியதை முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை உதட்டைப் பிதுக்கிவிட்டு எழுந்து போய்விடுகிறது. "இவனுக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று பெரியவர் முடிவுகட்டிவிடுகிறார்.

1. முதலில், இது இப்போது செய்யக்கூடியதா?

சாவைப் பற்றிப் பேசுவது அல்லது எழுதுவது, கையைக் கீறிக்கொள்வது, பிடித்த பொருட்களை யாருக்காவது கொடுத்துவிடுவது, சாப்பாடும் தூக்கமும் தொடர்ந்து குறைவது போன்றவை தெரிந்தால் பயிற்சியைத் தள்ளி வையுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றைப் பூட்டி வையுங்கள். அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இந்தியாவில் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். இலங்கையில் மனநல உதவிக்கு 1926. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்காமல் விட்டால்தான் பிள்ளை அதோடு தனியாக நிற்கும்.

பிள்ளையை யாராவது அடிக்கிறார்களா, தவறாகத் தொடுகிறார்களா, வகுப்பில் கூட்டம் சேர்ந்து கேலி செய்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். அது நடந்துகொண்டிருக்கும்போது "உன்கிட்ட நீ அன்பா இரு" என்பது பாரத்தைப் பிள்ளையின் தலையிலேயே மறுபடி ஏற்றுவதாகும். முதலில் அதை நிறுத்த வேண்டும். இந்தியாவில் குழந்தைகள் உதவி எண் 1098, இலங்கையில் 1929.

உடம்பையும் ஒருமுறை மருத்துவர் பார்க்கட்டும். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும்கூடப் பிள்ளையைச் சோர்வாகக் காட்டும். இன்னொன்று: பிள்ளைகளின் மனச்சோர்வு பல நேரம் சோகமாக வராமல் எரிச்சலாக வரும். பதற்றம் திங்கட்கிழமைக் காலை வயிற்றுவலியாக வரும். "திமிர்", "நடிப்பு" என்று ஏற்கெனவே பேர் வைத்துவிட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சிகிச்சையோ மருந்தோ நடந்துகொண்டிருந்தால் அதன் கூடவே இதைச் செய்யலாம், அதற்குப் பதிலாக அல்ல. பிள்ளை கொஞ்சம் சிரிக்க ஆரம்பித்ததும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தும் வீடுகள் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

2. தயார் செய்ய வேண்டியவை

ஒரு கோடு போடாத நோட்டு. பள்ளி நோட்டாக இருக்கக் கூடாது, ஏனென்றால் பள்ளி நோட்டு என்றாலே திருத்தப்படும் நோட்டு. வாரத்தில் நான்கு நாள், ஒரு நாளைக்கு 15 நிமிடம். இதுபோல எட்டு வாரமாவது ஒதுக்குங்கள். படிப்பு மேஜையில் உட்காராதீர்கள். மொட்டைமாடி, வாசல்படி, சமையல்கட்டுத் தரை எதுவானாலும் சரி. மாலை காபி, பலகாரம் முடிந்த நேரம் பொதுவாக நன்றாக அமைகிறது. இரவு படுக்கும் நேரத்தைத் தவிர்ப்பது நல்லது. அன்றைய நாளின் குறைகளை எல்லாம் தலை தோண்டி எடுக்கும் நேரம் அது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஓர் ஒப்பந்தம். இந்த 15 நிமிடத்தில் பிள்ளை சொன்ன எதையும் பின்னால் சண்டையில் எடுத்துப் பேசக் கூடாது, அத்தையிடம் போனில் சொல்லக் கூடாது, விருந்தாளி முன்னால் வேடிக்கைக்குக்கூட இழுக்கக் கூடாது. "நீதான அன்னிக்கு உனக்கு எதுவும் வரலன்னு சொன்ன?" என்று ஒரே ஒரு முறை வந்துவிட்டால் போதும், அதற்கப்புறம் நோட்டில் எதுவும் ஏறாது. ஒரு விதிவிலக்கு உண்டு: உயிருக்கு ஆபத்து என்றால் மற்றவர்களிடம் சொல்லியே தீர வேண்டும். அதையும் முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் துரோகமாகத் தெரியாமல் இருக்கும்.

3. முதல் வாரம் பெரியவருக்கு மட்டும்

அவசரப்படுபவர்கள் தாண்டிப் போகும் படி இது. எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவதும் இதுதான்.

பிள்ளையிடம் எதுவும் சொல்லாமல் சில நாள் உங்கள் வாயை நீங்களே கவனியுங்கள். பால் பொங்கி வழிந்தால் என்ன வருகிறது? வண்டிச் சாவி காணாமல் போனால்? "எனக்கு அறிவே கிடையாது", "என் தலையெழுத்து", "நான் எதுக்குத்தான் உயிரோட இருக்கேனோ." நாம் யோசிக்காமல் சொல்வது. பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தப்பு நடந்தால் தன்னோடு எப்படிப் பேசுவது என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள். தங்கள் தப்புக்குப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது ஒரு பாதி. பெரியவர்கள் தங்களுடைய தப்புக்கு என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்பது இன்னொரு பாதி. முதல் பாதியைத் திருத்தப் பலர் முயல்கிறார்கள். இரண்டாவது யார் கவனத்துக்கும் வருவதில்லை.

சில நாள் கவனித்தபின், சின்னச் சின்னத் தப்புகளை வாய்விட்டுச் சொல்லத் தொடங்குங்கள். என்ன நடந்தது, எப்படி இருக்கிறது, அடுத்து என்ன, இவ்வளவுதான். "அடடா, குழம்பு அடிப்பிடிச்சிடுச்சு. காலையிலேருந்து ஓட்டம், கவனிக்கல. எரிச்சலா வருது. சரி, மேலாப்ல எடுத்து வேற பாத்திரத்துல மாத்திடுவோம்." அதோடு நிறுத்துங்கள். "பாத்தியா, அம்மா தன்னைத் திட்டிக்கல" என்று விளக்கவுரை சேர்த்தால் இது நாடகம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது குற்றவுணர்ச்சி. "நான் வேலைக்குப் போனதாலதான் இவ இப்படி ஆயிட்டா", "நான் அடிச்சு வளர்த்ததாலதான்." இந்த எண்ணத்தோடு உட்கார்ந்தால் பிள்ளை "கஷ்டமா இருக்கு" என்று சொல்வது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். உடனே தற்காப்புப் பேச்சு ஆரம்பிக்கும். எனவே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: உங்கள் தங்கை வந்து இதையே தன்னைப் பற்றிச் சொல்லி அழுதால் அவளிடம் என்ன சொல்வீர்கள்? பின்னால் 6ஆம் படியில் பிள்ளையிடம் கேட்கப்போவதும் இதே கேள்விதான். அதற்குப் பதில் எழுதுவது எவ்வளவு கூச்சமான வேலை என்பது உங்களுக்கு முன்னதாகவே தெரிந்திருக்கும்.

அண்மையில் கத்தியிருந்தால் மன்னிப்பும் இந்த வாரமே. "நேத்து மார்க்கைப் பார்த்துட்டு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். அது தப்பு. நீ பயந்திருப்ப." இதற்குப் பின்னால் "ஆனா நீயும்..." என்று ஒரு வார்த்தையும் வரக் கூடாது.

4. உடம்பு அமைதியான பிறகே பேச்சு

பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட் மனித உணர்வுகளை மூன்று இயக்கங்களாகப் பிரிக்கிறார்: ஆபத்தைக் கண்டு பதறுவது, வேண்டியதைத் தேடி ஓடுவது, பாதுகாப்பாக அமைதியடைவது. தன்னைத் திட்டிக்கொள்ளும் பிள்ளையிடம் முதல் இயக்கம் ஓயாமல் ஓடுகிறது. திட்டுவதும் தானே, திட்டு வாங்கிப் பயப்படுவதும் தானே. அந்த நிலையில் எவ்வளவு நல்ல வார்த்தையும் உள்ளே இறங்காது. ஆகவே உடம்பு முதலில்.

இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காரச் சொல்லுங்கள், நீங்களும் உட்காருங்கள். பாதத்தின் அடியில் தரை சில்லென்று இருக்கிறதா, சொரசொரப்பாக இருக்கிறதா என்று கவனிக்கட்டும். பிறகு மூச்சு: 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. வெளிமூச்சு நீளமாக இருக்கும்போது இதயத்துடிப்பு மெல்லத் தணியும். ஐந்தாறு முறை போதும்.

சில பதற்றக்காரப் பிள்ளைகளுக்கு மூச்சைக் கவனிக்கச் சொன்னால் பதற்றம் கூடிவிடும். "மூச்சு சரியா வருதா, நின்னுடுமோ" என்று அதையே கண்காணிக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுக்கு மூச்சை விட்டுவிட்டுப் பாதத்தோடு நிறுத்துங்கள். மனச்சோர்வில் துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு உட்காருவதே உதவாது. தெருமுனைக் கடை வரைக்கும் சேர்ந்து நடந்துவிட்டு வந்து பேசுங்கள்.

இதமான தொடுகையும் இங்கே ஒரு பகுதி. நெஞ்சில் கைவைப்பது என்று பயிற்சிகளில் சொல்வார்கள். பதின்மூன்று வயதுப் பையன்களிடம் சொல்லிப் பாருங்கள், ஓடிவிடுவார்கள். ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்வது, போர்வையைச் சுற்றிக்கொள்வது, வெதுவெதுப்பான டம்ளரை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்துவது எல்லாம் அதே வேலையைச் செய்யும். தொட்டால் பிடிக்காத பிள்ளையைத் தொடாதீர்கள்.

இவற்றை நல்ல நாளில் பழக்க வேண்டும். இது பழகாத பிள்ளை பதறி நடுங்கும்போது "ஆழமா மூச்சு விடு, விடுன்னு சொல்றேன்ல" என்று அதட்டுவது பலர் செய்கிற காரியம். அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு தேர்வு, அதிலும் தோற்கும்.

5. திட்டும் குரலை எழுத்தில் பிடிப்பது

இரண்டாவது வாரம் நோட்டைத் திறக்கலாம். ஒரு பக்கத்தில் என்ன நடந்தது, எதிர்ப்பக்கத்தில் அப்போது மண்டைக்குள் என்ன ஓடியது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே, திருத்தாமல். எழுதப் பிடிக்காத பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். வரைய விரும்பினால் அந்தக் குரலுக்கு ஒரு முகம் வரையட்டும். ஹெட்மாஸ்டர் மாதிரி, கண்டக்டர் மாதிரி, வில்லன் மாதிரி எப்படி வேண்டுமானாலும். முகம் கிடைத்ததும் குரலுக்கும் தனக்கும் நடுவில் சின்ன இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில்தான் மீதி வேலை.

பதற்றக்காரப் பிள்ளையின் பக்கம் எதிர்காலத்தில் இருக்கும்: "நாளைக்கு மிஸ் கேள்வி கேட்டா நான் உளறிடுவேன், எல்லாரும் சிரிப்பாங்க." மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையின் பக்கம் தீர்ப்பாக இருக்கும்: "நான் தண்டம்." இரண்டும் கலந்தும் வரும். எது அதிகம் என்று குறித்துக்கொள்ளுங்கள், 9ஆம் படியில் தேவைப்படும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு மறுத்துப் பேசுவது. "நீயா தண்டம்? நீ எவ்வளவு புத்திசாலி தெரியுமா!" கேட்க அன்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு இரண்டு வழிதான் மிஞ்சுகிறது: தான் தண்டம் என்று வாதாடி நிரூபிப்பது, அல்லது இனிமேல் சொல்லாமல் இருப்பது. புத்திசாலி என்ற பட்டத்திலும் சிக்கல் உண்டு. அடுத்த தேர்வில் மார்க் குறைந்தால் பட்டம் போய்விடும், அந்தப் பயமும் சேர்ந்துகொள்ளும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைப் பற்றித் தாழ்வாக நினைத்தவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டபோது இன்னும் மோசமாகவே உணர்ந்தார்கள். பிள்ளைகளைக் கண்ணாடி முன் நிறுத்தி "நான் வெற்றியாளன்" என்று கத்தவைக்கும் பயிற்சி வகுப்புகள் மேல் எனக்கு நம்பிக்கை வராததற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் என்னதான் சொல்வது? "இது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தா ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கும்." அவ்வளவு போதும். தீர்ப்பு சரி என்றோ தப்பு என்றோ சொல்லத் தேவையில்லை.

6. நண்பன் கேள்வி

பேச்சுப்போட்டியில் பாதியில் மறந்துபோய் மேடையிலிருந்து இறங்கிவிட்ட 11 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். உரையாடல் ஏறத்தாழ இப்படிப் போகும்:

"உன் ஃபிரெண்டு மறந்துபோய் அழுதுக்கிட்டே இறங்கி வர்றா. நீ என்ன சொல்லுவ?"

"பரவால்லடி, விடு. எனக்கும்தான் மறந்திருக்குன்னு சொல்வேன்."

"எப்படிச் சொல்லுவ, அதே மாதிரி சொல்லிக் காட்டேன்."

சொல்லிக் காட்டுவாள். குரல் இறங்கும், கை தானாக யார் தோளிலோ போடுவது மாதிரி நீளும்.

"'லூசு, ஸ்கூல் மானத்தையே வாங்கிட்ட'ன்னு சொல்லுவியா?"

"சேச்சே!"

"உன்கிட்ட நீ என்ன சொல்லிக்கிட்ட?"

நோட்டைப் பார்ப்பாள். பேசமாட்டாள்.

அன்றைக்கு அங்கேயே நிறுத்துங்கள். "அப்ப உனக்கும் அதையே சொல்லிக்க வேண்டியதுதான?" என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டால் அவள் தானாகக் கண்டுபிடிக்கவிருந்தது உங்களுடைய புத்திமதியாகிவிடும். சொல்லிக் காட்டச் சொல்வதும் சும்மா இல்லை. வார்த்தை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். தொனிதான் தன் பக்கம் திரும்பியதும் மாறிவிடுகிறது.

பல பிள்ளைகள் சொல்வது: "அது வேற, நான் வேற." வாதாட வேண்டாம். "எதுல வேற?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "அவ நல்லாப் படிக்கிறவ, ஒரு தடவ மறந்தா பரவால்ல. எனக்கு எதுவுமே வராது, அதனால நான் மறக்கக் கூடாது." பிள்ளை தனக்கென்று வைத்திருக்கும் சட்டம் இப்படித்தான் வெளியே வருகிறது. அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் நமக்குத் தர்மசங்கடமாக இருக்கலாம். பெரியப்பா மகளோடு ஒப்பிட்டுப் பேசியது நினைவுக்கு வரும்.

எட்டு, ஒன்பது வயதில் தன்னோடு தான் பேசுவது என்பதே சிலருக்குப் பிடிபடாது. பொம்மையோ வீட்டு நாய்க்குட்டியோ மறந்துபோனதாக வைத்து விளையாடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு, நண்பன் ராத்திரி 11 மணிக்கு "நான் எதுக்கும் லாயக்கில்லடா" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன பதில் போடுவாய் என்று கேளுங்கள். பதிலைத் தட்டச்சு செய்யட்டும், அனுப்ப வேண்டியதில்லை.

தன்னிடம் பேசவே முடியாத பிள்ளைக்கு வேறொருவரின் குரல் கைகொடுக்கும். "நீ இப்படிச் சொல்றதை உங்க பாட்டி கேட்டா என்ன சொல்லுவாங்க?" பிள்ளை உடனே பாட்டியின் குரலிலேயே சொல்லும்: "யாருடா என் தங்கத்தை அப்படிச் சொன்னது?" தங்கம், கண்ணு, ராசா, குட்டிம்மா என்று வீட்டில் பிள்ளையை எப்படிக் கொஞ்சுவீர்களோ அந்தச் சொல்லையே பயிற்சியிலும் வையுங்கள். பயிற்சிக் கையேடுகளில் இருக்கும் "அன்புள்ள நானே" வகையறா எந்தப் பிள்ளைக்கும் ஒட்டி நான் பார்த்ததில்லை. அந்தப் பாட்டி அண்மையில் இறந்துபோனவர் என்றால் துக்கமும் சேர்ந்து வரும். அதற்கு நேரம் இருக்கிற நாளில் மட்டும் கேளுங்கள்.

7. மூன்று வாசகங்கள்

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் வெளியிட்ட கட்டுரைகளில் தன்மீதான பரிவை மூன்று கூறுகளாக வகுத்தார்: வலியை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் கவனிப்பது, இது மனிதருக்குப் பொதுவானது என்று உணர்வது, தன்னிடம் அன்பாக நடந்துகொள்வது. பிள்ளைகளுக்கு அதை மூன்று வாசகமாகச் சுருக்கலாம்:

"இது கஷ்டமா இருக்கு."
"எனக்கு மட்டும் இப்படி இல்ல."
"இப்ப எனக்கு என்ன வேணும்?"

பிள்ளை தன் வார்த்தையில் மாற்றிக்கொள்ளட்டும். "செம கடுப்பா இருக்கு" என்பதும் முதல் வாசகம்தான்.

வரிசையை மாற்றாதீர்கள். முதல் வாசகம் பிள்ளை வாயிலிருந்து வரும் முன்னே இரண்டாவதை நாம் சொன்னால் அது வேறு பொருளாகிவிடும். "எல்லாருக்கும்தான் கஷ்டம் இருக்கு", "ஊர் உலகத்துல இல்லாத கஷ்டமா உனக்கு?", "நாங்க அந்தக் காலத்துல செருப்பில்லாமப் பள்ளிக்கூடம் போனோம்." இதெல்லாம் அதே இரண்டாவது வாசகம்தான், ஆனால் கேட்கிற பிள்ளைக்கு "உன் கஷ்டம் கஷ்டமே இல்லை" என்று சேரும். நம் வீடுகளில் இந்தத் தவறு நடப்பதுபோல வேறெதுவும் நடப்பதில்லை.

இரண்டாவது வாசகத்தைச் சரியாகச் சேர்க்க ஒரு வழி, பெரியவர் தன்னுடைய ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்வது. ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலத்தில் ஃபெயிலானது, புது அலுவலகத்தில் யாரோடும் பேசப் பயந்து தனியாகச் சாப்பிட்டது. "அப்புறம் கஷ்டப்பட்டுப் படிச்சு முன்னுக்கு வந்தேன்" என்று முடிக்காதீர்கள். முன்னுக்கு வந்த கதை வந்ததும் அது மறுபடி ஒப்பீடாகிவிடும். "அப்ப எனக்கும் இப்படித்தான் வயித்தைப் பிசைஞ்சுது" என்பதோடு விடுங்கள். பெரியவரின் இப்போதைய பெரிய கவலைகள், கடன், கணவன் மனைவி சண்டை இவற்றைச் சொல்லவும் கூடாது. பிள்ளை உங்களைத் தேற்றும் வேலையில் இறங்கிவிடும்.

மூன்றாவது வாசகத்துக்குப் பதில் சின்னதாக இருக்கட்டும். தண்ணீர், ஒரு அணைப்பு, கொஞ்ச நேரம் தனியாக இருப்பது, மிஸ்ஸிடம் சந்தேகம் கேட்பது. "போன் வேணும்" என்று வரத்தான் செய்யும். "சரி, அது மறக்கடிக்கும். சரிபண்ண என்ன வேணும்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

8. நன்றாகப் போகும்போது திடீரென அழுகையோ கோபமோ வந்தால்

மூன்றாவது, நான்காவது வாரத்தில் சில பிள்ளைகள் பரிவான சொல்லைக் கேட்டதுமே உடைந்து அழுவார்கள். சிலர் நோட்டைக் கிழித்துப் போடுவார்கள், "இதெல்லாம் பொய்" என்று கத்துவார்கள். பெரியவர் பயந்துபோய் விட்டுவிடும் இடம் இது. மூடிய அறைக்குள் புகைந்துகொண்டிருக்கும் தீ, கதவைத் திறந்து காற்றுப் பட்டதும் குபீரென்று எரிவதுபோல என்று நெஃபும் அவரோடு பணிபுரிந்த கிறிஸ்டோபர் கெர்மரும் இதை விளக்குகிறார்கள். அன்பே கிடைக்காத இடத்தில் அன்பு படும்போது, கிடைக்காமல் போன நாட்களின் வலியும் சேர்ந்து மேலே வருகிறது.

செய்ய வேண்டியது: பயிற்சியை நிறுத்துங்கள், கூடவே இருங்கள். 4ஆம் படியின் பாதம், வெதுவெதுப்பான டம்ளர், நடை. விளக்கம் கேட்காதீர்கள். இரண்டு மூன்று நாள் வெறுமனே சேர்ந்து எதையாவது செய்யுங்கள், பூரிக்கு மாவு திரட்டுவதோ வண்டி கழுவுவதோ. அப்புறம் 6ஆம் படியின் பொம்மையிலிருந்தோ பாட்டியின் குரலிலிருந்தோ திரும்பத் தொடங்கலாம், நேராகத் தன்னிடம் பேசுவதிலிருந்து வேண்டாம்.

அழுகை ஒரு நாளோடு நிற்காமல் நாளுக்கு நாள் கூடினால், பழைய கொடுமை எதுவும் வெளியே வந்தால், வீட்டோடு வைத்துக்கொள்ளாதீர்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருப்பது அவசியம்.

9. பரிவும் வேண்டும், செய்ய வேண்டியதும் நடக்க வேண்டும்

"இப்படியே போனா செல்லம் கொடுத்துக் கெடுத்த மாதிரி ஆகாதா?" பெரும்பாலும் அப்பாக்கள், தாத்தாக்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கடினமான தேர்வில் சறுக்கிய மாணவர்களுள், தங்களிடம் பரிவாக இருக்கும்படி தூண்டப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள், சிறுபிள்ளைகள் அல்ல. ஆனாலும் காரணம் புரிகிறது: தப்பைப் பார்த்தால் உள்ளே அடி விழும் என்றால் யாரும் தப்பைப் பார்க்கமாட்டார்கள். அடி விழாது என்று தெரிந்தால்தான் நோட்டைத் திறந்து எங்கே தப்பியது என்று பார்ப்பார்கள்.

பதற்றக்காரப் பிள்ளை விஷயத்தில் கவனம் தேவை. "கஷ்டமா இருக்குல்ல, சரி இன்னிக்கு ஸ்கூல் வேணாம்" என்பது அன்றைக்கு நிம்மதி தரும், பயத்தை வளர்க்கும். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் பெரிதாகும். பரிவான தொனியில், சின்னப் படியாக, பயப்படும் பக்கமே போக வேண்டும்: "பயமாத்தான் இருக்கும். இன்னிக்கு கேட் வரைக்கும் நான் வர்றேன். முதல் பீரியட் மட்டும் உக்காரு, அப்புறம் பார்ப்போம்." மனச்சோர்வில் இருக்கும் பிள்ளைக்குப் படி வேறு: மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், தினமும் ஒரு சின்னக் காரியம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போதும். செய்யாமல் விட்ட நாளில் மூன்று வாசகங்கள்.

தம்பியை அடித்திருந்தால் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். "நீ கெட்ட பையன் இல்ல. அடிச்சது தப்பு. அவனுக்கு வலிச்சுது, அதுக்கு என்ன பண்ணலாம்?" பையனைப் பற்றித் தீர்ப்பு இல்லை, செயலுக்குப் பொறுப்பு உண்டு. இதைப் புரிந்துகொண்ட தாத்தாக்கள் பிறகு எதிர்ப்பதில்லை.

10. மார்க் வரும் நாளுக்கு முன்கூட்டியே திட்டம்

தேர்வு முடிவு, ரேங்க் கார்டு, பெற்றோர் ஆசிரியர் கூட்டம், சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் முன்கூட்டியே தெரிந்த நாட்கள். ஒரு வாரம் முன்பு உட்கார்ந்து மூன்று விஷயம் முடிவுசெய்யுங்கள். மார்க்கை யார் முதலில் பார்ப்பது, எங்கே? போன் செய்து கேட்கும் உறவினருக்கு யார் பதில் சொல்வது? (பெரியவர்தான். போனைப் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது.) மார்க்கைப் பார்த்த முதல் ஒரு மணி நேரம் என்ன செய்வது?

அந்த முதல் மணி நேரத்தில் அடுத்த திட்டம், டியூஷன், மறுகூட்டல் எதையும் பேசாதீர்கள். முதல் வாசகம் மட்டும். பெரியவருக்கும் அது தேவைப்படும்: "எனக்கும் இப்ப மனசு கனமாத்தான் இருக்கு. மொதல்ல சாப்பிடலாம்." ஏமாற்றமே இல்லாததுபோல முகத்தை வைத்துக்கொண்டால் பிள்ளை நம்பாது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, நீட் முடிவு வரும் நாட்களில் பிள்ளையைத் தனியே விடாமல் யாராவது வீட்டில் இருப்பது நல்லது, மார்க் எப்படி வரும் என்று எதிர்பார்த்தாலும் சரி.

11. பலன் தெரிகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது

சிரிப்பை வைத்துப் பார்க்காதீர்கள். கெட்ட செய்தியை முன்பைவிடச் சீக்கிரம் வந்து சொல்கிறதா? ஒரு தப்புக்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்ப ஒரு நாள் முழுக்க எடுத்தது இப்போது ஒரு மாலையில் முடிகிறதா? எழுதியதை அழித்து அழித்து எழுதுவது குறைந்திருக்கிறதா? தங்கையிடமோ நாய்க்குட்டியிடமோ அந்த வாசகங்களைச் சொல்வது காதில் விழுகிறதா? பல நேரம் மற்றவரிடம் சொல்வதுதான் முதலில் வரும்.

உங்களையும் சேர்த்துக் கணக்கெடுங்கள். பால் பொங்கியபோது என்ன சொன்னீர்கள்?

இரண்டு வாரத்துக்கு மேல் நிலைமை சரிந்துகொண்டே போனாலோ, பள்ளிக்குப் போவது நின்றுவிட்டாலோ, 1ஆம் படியிலுள்ள அறிகுறிகள் ஏதாவது புதிதாகத் தெரிந்தாலோ எட்டு வாரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது நோட்டைக் கொண்டுபோகலாமா என்று பிள்ளையிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், நடந்ததை நீங்கள் வாயால் சொன்னால் போதும்.

வகுப்பாசிரியரிடம் எல்லாவற்றையும் விளக்கத் தேவையில்லை. "தப்பு பண்ணினா இவ தன்னை ரொம்பத் திட்டிக்கிறா மிஸ். எல்லார் முன்னாடியும் திருத்தாம, தனியாக் கூப்பிட்டுச் சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்." இந்த அளவு சொன்னால் பெரும்பாலான ஆசிரியர்கள் செய்துதருகிறார்கள்.